தண்ணீர் ஓடும் காலத்தில் உப்பு இல்லை: மரக்காணத்தில் என் தங்கை கழற்றிய மின்சாரச் சக்கரம்

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேர் தோட்டத்தை ஒட்டி ஒரு ஓடை வைத்திருப்பவர்கள், அல்லது வைத்திருப்பதாகச் சொல்பவர்கள். "எங்க ஓடையில சின்னதா ஒரு டர்பைன் வச்சா வீட்டுக்குக் கரண்ட் வருமா?" என்று மாதம் நாலு பேராவது கேட்கிறார்கள். ஓடுகிற இடங்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. சரிப்படாமல் போன ஒரு இடத்தையும் போய்ப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு இதுவரை மனம் வரவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட இடம் என் தங்கை அமுதாவுடையது. அந்தச் சக்கரத்தின் இரும்புச் சட்டத்துக்கு வெல்டிங் அடித்தவன் நான்.

அமுதா எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் குடும்பத்தில் வேலுவுக்கு வாழ்க்கைப்பட்டு, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கட்டும் கடையில் தினக்கூலிக்கு வேலை பார்க்கிறாள். போன வருடம் அவர்களுடைய உப்பளக் குழு டீசல் விலையில் திணறியபோது, "பக்கத்துல ஓடுற தண்ணியிலயே கரண்ட் எடுக்கலாம்" என்று சொன்னவள் அவள்தான். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினாள். அதன் வீடியோ எங்கெங்கோ சுற்றி, கடைசியில் சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளை கூப்பிட்டது. மார்கழிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் அதே கால்வாயில் சிமெண்ட் தடுப்பு கட்டி இன்னும் பத்து சக்கரம் வைப்பார்கள். அத்தனைக்கும் பொறுப்பாளர் அமுதா, மாதச் சம்பளம், திண்டிவனத்தில் ஆபீஸ். எங்கள் வீட்டில் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் இதுவரை யாரும் இல்லை. நான் போகாமல் இருப்பேனா?

நான் இருப்பது இடையஞ்சாவடி. வேலை ஆரோவில்லில் ஒரு பட்டறையில். பைக்கை முதல் நாளே மகன் தூக்கிக்கொண்டு போய்விட்டதால், பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் தொற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து, காலை ஆறரை மணிக்கு மரக்காணம் பேருந்தைப் பிடித்தேன். அங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். கட்டணம் முப்பத்தைந்து ரூபாய். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் கடல் எட்டிப் பார்க்கும், ஆனால் நீங்கள் உட்கார வேண்டியது இடது பக்கம். மரக்காணத்தை நெருங்கும்போது கழுவெளிச் சதுப்பு ஏரியின் தண்ணீர் அங்கேதான் தெரியும். மழை முடிந்த கையோடு போனால் பூநாரைகளும் இருக்கும். நான் போன அன்று நிறையவே இருந்தன. பக்கத்து சீட்டில் இருந்தவர் அத்தனையையும் தூங்கியே தவற விட்டார்.

பேருந்து நிலையத்துக்கு வேலு வந்திருந்தான். டிவிஎஸ் வண்டியில் நாலு கிலோமீட்டர், கடைசி ஒன்று வெறும் சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளத் தயாராக வாருங்கள். ஜனவரி தொடக்கத்தில் உப்பளம் என்றால் நீங்கள் படங்களில் பார்க்கும் வெள்ளைக் குவியல்கள் இருக்காது. வானம் கீழே விழுந்து கிடப்பது போல எங்கும் தண்ணீர், நடுவில் வரப்புகள், அவ்வளவுதான். மழைநீரை முழுக்க வடித்துவிட்டு, அடிக்களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கிய பிறகுதான் கடல்நீரைப் பாய்ச்சுவார்கள். மிதிக்கும் வேலை தை, மாசியில் நடக்கும். அதற்கு முன் பாத்தி காய வேண்டும்.

"மச்சான், இந்த வருஷம் எங்களுக்குத்தான் லேட்டு" என்றான் வேலு. "அந்தப் பக்கத்து உப்பளக்காரங்க எல்லாம் வடிச்சிட்டாங்க. எங்க தண்ணி எறங்கவே மாட்டேங்குது."

"ஏன் மாப்ள, மழை ஜாஸ்தியா?"

"அத உன் தங்கச்சியாண்ட கேளு. நான் சொன்னா ஊட்ல சோறு கெடைக்காது."

சக்கரம் இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். கழுவெளியில் சேரும் மழைநீர் கழிமுகம் வழியாகக் கடலுக்கு வடிகிறது. அப்படி வடியும் கால்வாய்களில் ஒன்று இந்த உப்பளத்தை ஒட்டிப் போகிறது. அதில் ஒரு பழைய மதகு. மழைக்காலத்தில் அதை ஆறு என்றே சொல்லலாம். கோடையில் தலைகீழ், கடல்நீர் ஏறி வரும், இறங்கிப் போகும். தண்ணீர் சும்மா ஓடினால் சக்கரத்தை வலுவாகத் தள்ளாது, மேலிருந்து விழ வேண்டும். அதனால் மதகில் பலகைகளை அடுக்கி, பின்னால் இரண்டு அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கி, நடுவில் விட்ட இடைவெளியில் சக்கரத்தை வைத்திருந்தாள் அமுதா. நான் போனபோது அது சும்மா தெறித்துக்கொண்டு சுற்றியது. பக்கத்துக் கொட்டகையில் பகலிலேயே ஒரு பல்பு எரிந்தது. பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"வந்ததும் மெஷினத்தான் பாப்ப, என்ன பாக்க மாட்டியாண்ணே?" என்று பின்னால் குரல்.

முழங்கால்வரை சேற்றோடு அமுதா நின்றிருந்தாள். கையில் நீளமான இரும்பு வாரி. சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கம்பித் தடுப்பிலிருந்து ஆகாயத்தாமரை, கிழிந்த நைலான் வலை, பால் பாக்கெட், ஒற்றைச் செருப்பு என்று வாரி வாரிக் கரையில் குவித்திருந்தாள். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, மழை பெய்தால் ராத்திரியிலும் இதைச் செய்ய வேண்டுமாம். செய்யாவிட்டால் சக்கரம் நின்றுவிடும்.

"இன்னைக்கு ஆபீசரம்மா ஆகப்போற. இன்னும் குப்ப வாரிக்கினு இருக்கியே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

கரையோரமாக ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போனாள். சக்கரம் வைக்கும் எண்ணம் உள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். முதலில் இரும்பு. நான் கொடுத்த தகடு ஒரே கோடையில் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. படகடியில் ஒட்டி வளரும் ஓட்டுப் பூச்சியான கொட்டலசு, அடியில் கூர் கூராக ஒட்டியிருக்கிறது. அதைச் சுரண்டச் சுரண்ட மறுபடி வளர்கிறது, கை கிழிகிறது. பேரிங் மூன்று முறை மாற்றியாகிவிட்டது. பலகைக்குப் பின்னால் ஓட்டம் செத்து வண்டல் படிந்து, காலை வைத்தால் தொடைவரை இறங்குகிறது. ஒரு மாதிரி அழுகிய நாற்றமும் உண்டு. சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் நீளமான வயர். அதில் போகும் வழியிலேயே கொஞ்சம் கரண்ட் தேய்ந்துபோகிறது. இதெல்லாம் அவள் எனக்குப் போனில் சொன்னதே இல்லை.

பங்குனியில் வந்திருந்தால் இன்னும் வேடிக்கை, என்றாள். உப்புத் தண்ணீர் இறைக்க மோட்டார் தேவைப்படுவது அப்போதுதான். மேலிருந்து ஒரு சொட்டும் வராது. கடல் ஏறும்போது சக்கரம் பின்பக்கமாகச் சோம்பலாக அசையும், இறங்கும்போது முன்பக்கம் அசையும், நடுவில் நிற்கும். பல்பின் கம்பிகூடச் சிவக்காது. டீசல் இன்ஜினைத்தான் மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார்களாம்.

"தண்ணி ஓடுறப்ப உப்பு இல்லண்ணே. உப்பு இருக்குறப்ப தண்ணி ஓடாது. இத நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

"யாருதான் எல்லாத்தையும் முன்னாடியே யோசிக்கிறாங்க?" என்றேன். "இன்னைக்கு ஓடுதில்ல? வர்றவங்க கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. வேல கெடைக்கட்டும். மத்தத அப்பறம் பாத்துக்கலாம்."

அவள் மதகுக்குக் கீழே காட்டினாள். அங்கே இடுப்பளவு தண்ணீரில் நாலைந்து பெண்கள் குனிந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுகிற வேலை. முன்பெல்லாம் மதகுக்கு மேலே, கழுவெளி ஓரம்வரை போய்த் தடவுவார்களாம். குட்டி இறால் கடலிலிருந்து ஏறி உள்ளே போய் வளர்ந்தால்தானே அங்கே கிடைக்கும்? பலகை அடைத்த பிறகு ஏறுவது குறைந்துவிட்டது. அவர்களில் கன்னியம்மா என்பவர் அமுதாவுக்குப் பிரசவத்தில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர். ஒரு வருடமாக அமுதாவோடு பேசுவதில்லை. அன்றும் எங்களைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார்.

பத்தரை மணிக்குக் கார் வந்தது. மூன்று பேர். தலைமையாக ஒரு மேடம். நல்ல மனிதர், வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கியவர். குழுத் தலைவர் தணிகாசலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரவேற்றார். இளநீர், முறுக்கு, பிளாஸ்டிக் நாற்காலி. சக்கரத்தைப் பார்த்தார்கள், பல்பைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். மார்கழித் தண்ணீர் அன்று எங்களுக்காகவே ஓடியது போல அப்படி ஓடியது. அமுதா ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால்கூடப் போதும், வேலை அவள் மடியில் வந்து விழுந்திருக்கும்.

அப்போது மேடம், "பம்ப்பை ஓட்டிக் காட்டுவீங்களா? பாத்தியில தண்ணி விழறதை வீடியோ எடுக்கணும்" என்றார்.

உப்பளக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் இதுதான். கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கும் தணிகாசலத்தின் பாத்தி ஒன்றுதான் அந்த உப்பளத்திலேயே முழுக்க வடிந்திருந்தது. தானாக வடியவில்லை, இறைத்து இறைத்து முந்தின நாள்தான் தரை தெரிந்தது. மழைநீர் ஒழிந்தால்தான் உப்பு என்று இருக்கிற ஊரில், காய வைத்த பாத்திக்குள் மறுபடி மழைத்தண்ணீரை யாராவது விடுவார்களா? வேறு எந்த நாளிலும் விடமாட்டார்கள். ஆனால் அன்று வந்திருந்தது விருந்தாளி. இளநீர் கொடுத்த கையால் இல்லை என்று சொல்லத் தெரியாத ஜனங்கள்.

"அதுக்கென்னங்க மேடம், தாராளமா" என்றார் தணிகாசலம். சொல்லும்போது அவர் பாத்தியின் பக்கம் பார்க்கவே இல்லை.

வேலு குழாயைப் பாத்திப் பக்கம் திருப்பிவிட்டுச் சுவிட்சைப் போட்டான். குழாய் இருமியது, பிறகு தடிமனாகத் தண்ணீர் கொட்டியது. வெயிலில் பளபளவென்று, அழகாகத்தான் இருந்தது. மேடமும் கூட வந்தவர்களும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நாலைந்து தட்டுக்குப் பிறகுதான் கவனித்தேன், எங்கள் ஆட்கள் ஒருவர்கூடத் தட்டவில்லை. தணிகாசலம் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். முந்தின நாள் தெரிந்த களிமண் தரை அவர் கண்ணெதிரே முழுகிக்கொண்டிருந்தது.

அமுதா போய் சுவிட்சை அணைத்தாள்.

"ஏம்மா, ஓடட்டுமே" என்றார் தணிகாசலம், சன்னமாக.

"வேணாம் பெரிப்பா." அவள் மேடத்தின் பக்கம் திரும்பினாள். "மேடம், இது மழத்தண்ணி. இதுல உப்பு வெளையாது. இவரு இத இறைச்சு வெளிய ஊத்த அவ்ளோ கஷ்டப்பட்டாரு. நீங்க கேட்டீங்களேன்னு உள்ள விட்டாரு."

மேடத்துக்கு முகம் மாறிவிட்டது. "அய்யோ, எனக்குத் தெரியாதே. சொல்லியிருக்கலாமே!"

"அதான் சொல்றேன் மேடம். எல்லா வருசமும் வரப்ப வெட்டிவிட்டா தண்ணி தானா கால்வாயில எறங்கிடும். இந்த வருசம் எறங்கல. ஏன்னா நான் பலக போட்டு ரெண்டடி தேக்கி வச்சிருக்கேன். கால்வாய் தண்ணி பாத்தி தண்ணிய விட ஒசரமா நிக்குது. எப்புடி வடியும்? அப்பறம் இந்தச் சக்கரத்து கரண்ட்ட வச்சுத்தான் அந்தத் தண்ணிய எறைச்சோம். என் மெஷின் குடுக்குற கரண்ட், என் மெஷின் தேக்கி வச்ச தண்ணிய எறைக்கறதுக்குத்தான் சரியா இருக்குது. வேற ஒன்னுக்கும் ஆவல."

சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றியது. எனக்கு அந்த நிமிடம் தங்கை மேல் கோபம்தான் வந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். திண்டிவனம் ஆபீஸ் சேற்றில் போய்க்கொண்டிருந்ததே!

அவள் நிறுத்தவில்லை. இறாலைச் சொன்னாள், வண்டலைச் சொன்னாள், பங்குனியைச் சொன்னாள். கனமழை நாளில் பலகையை எடுக்கத் தாமதமானதால் மேலே நெல் வயலில் தண்ணீர் ஏறியதையும் சொன்னாள். அது எனக்கும் புதுச் செய்தி. மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க இதைச் சொல்லாம விட்டிருந்தா இன்னைக்கே ஓகே பண்ணிட்டுப் போயிருப்போம். உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார்.

"தெரியும் மேடம். பத்து சக்கரம், தடுப்பும் சிமெண்ட்ல. அப்பறம் எடுக்கணும்னாலும் முடியாது. இதப் பாத்துட்டு வேற ஊர்லயும் கட்டுவாங்க. மழைக்காலத்துல வந்து பாக்குறவங்களுக்கு நல்லாத்தான் தெரியும்."

"உங்க வேலை?"

அமுதாவுக்குக் கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. "மோட்டார் கட்டத் தெரியும் மேடம்" என்றாள்.

பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. அவளே மதகில் இறங்கி மேல் பலகையைப் பிடித்து இழுத்தாள். ஊறி உப்பிப்போன பலகை, அசையவில்லை. வேலு இறங்கினான், நான் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினேன், தணிகாசலம் கடப்பாரை கொண்டு வந்தார். கீழே இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு மேலே வந்தார்கள். பலகை ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்ததும், தண்ணீர் என்னை உட்கார வைத்துவிட்டது. அடுத்ததை நெம்பும்போது பக்கத்தில் ஒரு கை வந்து பிடித்தது. கன்னியம்மா. "அப்புடி இழுக்காதடி, ஒடஞ்சிடும். ஓரமா நெம்பு" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. அமுதா ஓரமாக நெம்பினாள்.

மதியத்துக்குள் கடைசிப் பலகையும் வந்தது. சக்கரம் வேகம் குறைந்து, இரண்டு முறை தயங்கி நின்றது. பல்பு அணைந்தது. அமுதா சக்கரத்தையும் கழற்ற, எல்லோருமாகக் கரையில் ஏற்றினோம். வந்தவர்கள் நண்டுக் குழம்போடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மேடம் அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். என்னவென்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் வரப்பை வெட்டிவிட்டார்கள். மறுநாள் காலை நான் எழுந்து போனபோது பாத்திகளில் தண்ணீர் தானாக வடிந்துகொண்டிருந்தது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மழை முடிந்த கையோடு போனால் பூநாரை பார்க்கலாம். உப்பு பார்க்க வேண்டுமானால் பங்குனிக்குப் பிறகு, காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், ஒன்பதுக்கு மேல் வெள்ளை கண்ணைக் குத்தும். குடிதண்ணீரைக் கையோடு எடுத்துப் போங்கள். வரப்பில் நடக்குமுன் கேட்டுவிட்டு நடங்கள், உங்கள் கால் தடத்தைச் சரிசெய்ய ஒருவர் மறுபடி மிதிக்க வேண்டும்.

ஓடையில் சக்கரம் வைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. ஓடை நிறைய ஓடும்போது முடிவு எடுக்காதீர்கள். உங்களுக்குக் கரண்ட் எந்த மாதம் தேவை என்று பார்த்து, அந்த மாதத்தில் போய் ஓடையில் நில்லுங்கள். மலைப் பக்கம் நான் பார்த்த ஒரு தோட்டத்தில் ஓடையைக் குழாயில் திருப்பிவிட்டார்கள். வீட்டில் விளக்கு எரிந்தது, குழாய் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நடுவில் ஓடை வெறும் கல்லாகக் கிடந்தது. அந்த நடுத்துண்டில் யார் குளிக்கிறார்கள், எந்த மாடு குடிக்கிறது, எந்த மீன் ஏறுகிறது என்று முதலில் விசாரியுங்கள். தேக்கினால் மேலே யார் நிலம் நனையும் என்றும் கேளுங்கள். குப்பை வார ஆள் உண்டா? அந்த ஆள் நீங்கள்தானா? இதற்கெல்லாம் பதில் சரியாக வந்தால் தாராளமாக வையுங்கள், நானே வெல்டிங் அடித்துத் தருகிறேன். எல்லாச் சக்கரமும் கெட்டது என்று அமுதாவும் சொல்லவில்லை. "அப்போ சோலார் போடலாமே" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: வெயில் இருக்கும் மாதத்தில்தான் உப்பும் இருக்கிறது என்பதால் அவளும் அதைத்தான் யோசிக்கிறாள். உப்புக் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும் என்று இந்த முறை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த வேலை கிடைக்கவில்லை. இதை எழுதும்வரை போன் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்பினேன். வேலு பாத்தி வேலையில் இருந்ததால் ஷேர் ஆட்டோ. பேருந்து நிலையம்வரை இருபது ரூபாய். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், கரண்ட் சக்கரம் பாக்க வந்தியா? அத நேத்து கழட்டிட்டாங்களாமே. ஓடலயா?"

"நல்லா ஓடிச்சுங்க" என்றேன். "ஓடிக்கினு இருக்கும்போதே கழட்டுனா. என் தங்கச்சிதான்."